கொழுப்பு உறிஞ்சல் அறுவைக்குப் பிறகு என்ன எதிர்பார்க்கலாம்? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

கோவைச்செல்வி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 67 கிலோ. இரண்டு பிரசவமும் சிசேரியன். இரண்டு ஆண்டுகளாக நடந்தும், சோற்றைக் குறைத்தும் 11 கிலோ இறக்கிவிட்டேன். ஆனால் அடிவயிறும் இடுப்பின் இரு பக்கங்களும் மட்டும் அசைந்து கொடுப்பதாக இல்லை. ஆவணிக் கடைசியில் அண்ணன் மகளுக்குத் திருமணம். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அத்தை என்ற முறையில் மூன்று நாளும் மேடைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியவள் நான்.

சென்ற வாரம் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அறுவை மருத்துவரைப் பார்க்க முடியவில்லை. ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து, "காலையில் வாருங்கள், நான்கு லிட்டர் எடுத்துவிடுவோம், மாலையே வீட்டுக்குப் போகலாம், இரண்டே நாளில் வேலைக்கும் போகலாம்" என்றார். நான் வங்கியில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எடை எவ்வளவு குறையும், வலி எத்தனை நாள் இருக்கும், எடுத்த கொழுப்பு திரும்ப வருமா, திருமணத்துக்குள் உடம்பு சரியான வடிவத்துக்கு வந்துவிடுமா என்பதை, செய்துகொண்டவர்கள் உள்ளபடி எழுதினால் உதவியாக இருக்கும்.

நங்கநல்லூர் மீனா:

செல்வி, மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்துகொண்டேன், வயிறும் இடுப்பும்தான். அந்த ஆலோசகர் சொல்லாமல் விட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் இரவு உங்கள் படுக்கை நனையும். கொழுப்பை எடுப்பதற்கு முன் உள்ளே நிறையத் திரவத்தைச் செலுத்துகிறார்கள் அல்லவா, அதில் மிச்சம் இருப்பது, ரத்தம் கலந்து ரோஸ் நிறத்தில், தையல் துளைகள் வழியாக ஒரு நாள், இரண்டு நாள் கசிந்துகொண்டே இருக்கும். எனக்கு யாரும் இதைச் சொல்லி அனுப்பவில்லை. நள்ளிரவில் எழுந்து பார்த்த என் அம்மா, மெத்தை முழுவதும் ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டார்கள். குழந்தைக்குப் போடுகிற ரப்பர் ஷீட் ஒன்றும், பழைய துண்டுகள் பத்துப் பன்னிரண்டும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கசிவது நல்லதுதான், உள்ளேயே தங்கினால்தான் வீக்கம் அதிகம்.

வலியைப் பொறுத்தவரை, சிசேரியன் கண்ட உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. யாரோ உலக்கையால் இடித்துவிட்டுப் போனது போன்ற வலி, ஒரு வாரம் இருக்கும். படுக்கையிலிருந்து எழும்போதுதான் அதிகம். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை வீக்கம் உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் கண்ணாடியில் பார்த்தால், பணம் கொடுத்துப் பெரிய வயிறு வாங்கி வந்தது போலத் தோன்றும். ரத்தக்கட்டு வயிற்றில் தொடங்கி, புவியீர்ப்பில் தொடைவரை இறங்கி, ஊதாவிலிருந்து மஞ்சளாகி மறைய எனக்கு மூன்று வாரம் ஆனது.

பெல்ட் என்று எல்லோரும் சொல்கிற இறுக்க உடையை நாலிலிருந்து ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர, போட்டிருக்க வேண்டும். எனவே உங்கள் திருமணக் கணக்கு உதைக்கிறது. ஆறாவது வாரத்தில் பாதிக்கு மேல் வீக்கம் வடிந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இறுதி வடிவம் மூன்று மாதத்துக்குப் பிறகுதான், சிலருக்கு ஆறு மாதம். இன்னொன்று: புடவையில் கொசுவம் செருகுகிற இடத்தில் எனக்கு மூன்று மாதம் உணர்ச்சியே இல்லை. ஒரு நாள் மாலை புடவையை அவிழ்க்கும்போதுதான், காலையிலிருந்து ஊக்கு தோலில் குத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. உணர்ச்சி பிறகு திரும்பிவிட்டது.

பழைய செவிலி:

மதுரையில் அறுவை அரங்கச் செவிலியாக 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அரங்குக்குள் நடப்பதைச் சொன்னால், "நான்கு லிட்டர்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று சகோதரிக்கு விளங்கும்.

முதலில் உங்களை நிற்க வைத்து, மார்க்கர் பேனாவால் தோலில் வட்டங்கள் போடுவார்கள். படுத்துவிட்டால் கொழுப்பு பரவி இடம் மாறிவிடும் என்பதால், இந்தக் குறியிடுதல் நின்றபடிதான் நடக்க வேண்டும். குறியிடுகிறவர் அறுவை செய்யப்போகிற மருத்துவராகவே இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பிறகு தொப்புளுக்குள்ளும் அடிவயிற்று மடிப்பிலும் மூன்று நான்கு மில்லிமீட்டரில் சிறு துளைகள். அவற்றின் வழியாக உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், அட்ரீனலின், சில இடங்களில் சோடியம் பைகார்பனேட்டும் கலந்த திரவத்தை, அந்த இடம் கல்லுப் போல விறைக்கும்வரை செலுத்துவார்கள். அட்ரீனலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும்வரை பொறுத்திருந்து, நுனி மழுங்கிய கேனுலா என்ற குழாயை நுழைத்து முன்னும் பின்னுமாக ஓட்டி உறிஞ்சுவார்கள். முதன்முதல் பார்க்கிற மாணவச் செவிலியர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மருத்துவர் தோளிலிருந்து வலுக் கொடுத்து இழுக்கிற வேலை அது. நோயாளிக்கு ஏன் உடம்பெல்லாம் இடித்தது போல வலிக்கிறது என்பது அதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

உறிஞ்சியது ஒரு கண்ணாடிக் குடுவையில் சேரும். சற்று நேரம் விட்டால் மேலே வெண்ணெய் காய்ச்சும்போது திரள்வது போல மஞ்சள் அடுக்கும், கீழே சிவந்த நீரும் தனித்தனியாகப் பிரியும். மேலே உள்ளதுதான் கொழுப்பு. கீழே இருப்பது பெரும்பாலும் நாம் செலுத்திய திரவம். ஆகவே நான்கு லிட்டர் என்றால் நான்கு லிட்டர் கொழுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று லிட்டர் மேலே நின்றாலும், கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது என்பதால், மூன்று கிலோகூடத் தேறாது. எடை குறைய வேண்டும் என்ற எண்ணத்தில் வருகிறவர்களுக்கு இது ஏற்ற அறுவை இல்லை. ஏற்கெனவே எடையைக் குறைத்துவிட்டு, பிடிவாதமாக நிற்கிற ஓரிரு மேடுகளைச் சீவிவிட நினைக்கிறவர்களுக்கு உரியது. அந்த வகையில் நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

இந்தத் திரவ முறையைக் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் வெளியிட்டார். அதற்கு முன் திரவம் செலுத்தாமல் உறிஞ்சிய காலத்தில், எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ரத்தமாகவே இருக்கும். இப்போது அது நூற்றில் ஒன்று அளவுக்கு வந்துவிட்டது. எங்கள் அரங்கில் இதற்காக ரத்தம் ஏற்றிய நினைவு எனக்கு இல்லை.

கோவைச்செல்வி:

மீனா அக்காவுக்கும் செவிலி அம்மாவுக்கும் நன்றி. ரப்பர் ஷீட் செய்தி ஒன்றுக்காகவே இந்த இழையைத் தொடங்கியது தகும். என் கணவருக்கு வேறொரு பயம். 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயதுக் கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் போன அன்றே இறந்துபோன செய்தியை எடுத்துக் காட்டி, "இதற்கா போகிறாய்?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

தூக்கம்தருபவர்:

நான் மயக்க மருந்து மருத்துவர். உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. அதைச் சிரித்துத் தள்ளுகிற மருத்துவமனைக்குப் போகாதீர்கள். அந்தப் பெண்ணின் மரணத்தில் நடந்தது என்ன என்பதை இங்கிருந்து யாரும் பேச முடியாது. பொதுவான ஆபத்துகளைச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்து 2000இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்றில், ஒரு லட்சம் கொழுப்பு உறிஞ்சல் அறுவைகளுக்குச் சுமார் 19 மரணங்கள் என்று வந்தது. காரணங்களில் முதலிடம், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டியதற்கு இதுவே காரணம். அறுவை முடிந்த அன்றே உங்களை எழுப்பி நடக்க வைப்பதும் இதனால்தான். அது செவிலியரின் கொடுமை என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது, கேனுலா போகக்கூடாத ஆழத்துக்குப் போய்க் குடலைத் துளைப்பது. அரிதுதான், ஆனால் உங்களைப் போல ஏற்கெனவே வயிற்றில் அறுவைத் தழும்பு உள்ளவர்களுக்கும், தொப்புளில் சிறு குடலிறக்கம் இருப்பது தெரியாமலே இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. முன்கூட்டி ஒரு ஸ்கேன் எடுங்கள் என்று மருத்துவர் கேட்டால், பணம் பிடுங்குவதாக எண்ண வேண்டாம். கொழுப்புத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து மூச்சுத் திணறலையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்குவது இன்னொரு ஆபத்து; பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் தெரிந்துவிடும்.

மாலையே வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி என் தனிப்பட்ட கருத்து. செலுத்துகிற திரவத்தில் இருக்கும் லிக்னோகெய்ன், அட்ரீனலின் கலந்து சாதாரண ஊசியாகப் போட்டால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் தரக்கூடாத மருந்து. நீர்த்துப்போன நிலையில் கொழுப்புக்குள் செலுத்தும்போது மெதுவாக உறிஞ்சப்படுவதால் 35 மில்லிகிராம் வரையும், சிலர் அதற்கு மேலும் தருகிறார்கள். மெதுவாக என்றால், ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வருவது ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காலை பத்து மணிக்கு அறுவை என்றால் உச்சம் இரவு பத்து மணிக்கு; நீங்களோ மாலை ஐந்துக்கே வீட்டில் இருக்கிறீர்கள். உதடு மரத்துப்போவது, காதில் இரைச்சல், நாக்கு குழறுவது இவையெல்லாம் அந்த மருந்து மிஞ்சியதன் முதல் அறிகுறிகள். ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் இரவு தங்கவைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு; நான்கு லிட்டர் அதற்கு வெகு தொலைவில் இல்லை. ஓர் இரவு தங்குங்கள். நாட்டு மருந்து, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ எதைச் சாப்பிட்டாலும் மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; எங்களுக்கு எதுவும் வெட்கமான செய்தி இல்லை.

திருச்சிக்காரன்:

டாக்டர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எல்லோரையும் இப்படிப் பயமுறுத்த வேண்டுமா என்று தோன்றுகிறது. நான் ஆண். கல்லூரிக் காலத்திலிருந்து மார்பு பெரிதாக இருந்ததால் நீச்சல் குளத்துக்கே போனதில்லை, மழையில் நனைந்தால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பேன். 27 வயதில் அறுவை செய்தேன். காலையில் போய் மாலையில் பேருந்தில் வீடு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு இரண்டு. ஆண்களின் மார்பில் கொழுப்போடு சுரப்பித் திசுவும் இருக்கும். அது ரப்பர் போன்றது, உறிஞ்சினால் வராது, காம்பைச் சுற்றிய கருவளைய ஓரத்தில் கீறி வெட்டித்தான் எடுக்க வேண்டும். "உறிஞ்சினாலே போதும்" என்று மலிவாகச் சொல்கிற இடங்களில் செய்துகொண்டவர்களுக்குக் காம்புக்கடியில் குமிழ் அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டாவது, பணம். அழகுக்கான அறுவை என்று எழுதிவிட்டால் மருத்துவக் காப்பீட்டில் ஒரு பைசா வராது. பொதுவாக மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று நினைத்திருந்தேன். அழகு அறுவைக்கு 18 சதவீதம் உண்டு என்பது பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெல்ட், பரிசோதனைகள், மயக்க மருந்து மருத்துவர் கட்டணம், வரி எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், சித்திரை வைகாசியில் மட்டும் செய்துகொள்ளாதீர்கள். திருச்சி வெயிலில் அந்த இறுக்க உடைக்குள் நான் பட்ட வேர்க்குருவை நினைத்தால் இன்றைக்கும் அரிக்கிறது.

தூக்கம்தருபவர்:

தம்பி, உங்களுக்கு எடுத்தது அரை லிட்டர், முக்கால் லிட்டர் இருந்திருக்கும். பெரும்பாலும் மரத்துப்போகிற ஊசியோடு முடிந்திருக்கும். அதற்கு மாலையில் வீடு திரும்புவது சரிதான். நான்கு லிட்டருக்கு அதே அட்டவணையைப் போட்டதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். பேருந்தில் வந்ததை மட்டும் மற்றவர்கள் பின்பற்ற வேண்டாம்.

காரைக்குடி ராமு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வயது 51, ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை. தொப்பையை உறிஞ்சி எடுத்துவிட்டால் சர்க்கரை குறையும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

தூக்கம்தருபவர்:

இல்லை ஐயா. 2004இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து சுமார் பத்துக் கிலோ கொழுப்பை எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தார்கள். அவர்களில் ஏழு பேர் சர்க்கரை நோயாளிகள். இன்சுலின் வேலை செய்யும் திறனோ, ரத்த அழுத்தமோ, ரத்தக் கொழுப்போ மாறவில்லை. இந்த அறுவை தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பை மட்டும் தொடுகிறது. சர்க்கரையோடு உறவாடுவது குடலைச் சுற்றி உள்ளே இருக்கிற கொழுப்பு. விரலால் கிள்ளினால் பிடிபடாமல், பானை போல விறைப்பாக முன்தள்ளும் ஆண்களின் தொப்பையில் பெரும்பகுதி அந்த உள் கொழுப்புதான். கேனுலா அங்கே போகவே கூடாது.

நங்கநல்லூர் மீனா:

செல்வி கேட்ட ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை: திரும்ப வருமா? எடுத்த செல்கள் எடுத்தவைதான். ஆனால் மிச்சம் இருக்கிற செல்கள் பருக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு ஓராண்டு கழித்து உடலின் மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்கே வந்துவிட்டது. தொடை மட்டும் குறைந்தபடி இருந்தது, வயிறு உள்ளிட்ட மேல்பகுதியில் சேர்ந்துவிட்டது. என் கதையும் அதுதான். இரண்டாம் ஆண்டு ஆறு கிலோ ஏறினேன். இடுப்பில் அவ்வளவாக இல்லை, புஜத்திலும் முதுகில் உள்ளாடைப் பட்டைக்கு மேலும் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய ரவிக்கைகள் எதுவும் கை நுழையவில்லை. வருந்துகிறேனா என்றால், இல்லை. இடுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தையற்காரருக்குத்தான் லாபம்.

கோவைச்செல்வி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வேறொரு மருத்துவரிடம் போனேன். பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். என்ற உயர் பட்டம் படித்தவர். ஆலோசகர் யாரும் நடுவில் இல்லை. அவர் வயிற்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, மல்லாந்து படுக்கச் சொல்லி, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே நடுவில் ஒரு மேடு எழும்பியது. அதில் இரண்டு விரலை வைத்து என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் இரண்டும் விலகி, மறுபடி சேராமல் இருக்கிறதாம். நான் கொழுப்பு என்று இத்தனை ஆண்டு திட்டிக்கொண்டிருந்த முன் மேட்டில் பாதிக்கு மேல் அந்த விலகல்தான். உறிஞ்சினால் அது போகாது. தோலை வெட்டித் தசையைத் தைக்கிற டம்மி டக் வேறு அறுவை, இடுப்புக்கு இடுப்பு நீளும் தழும்பு. அது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இடுப்பின் பக்கங்களுக்கும் அடிவயிற்றுக்கும் மட்டும் உறிஞ்சினால் போதும், இரண்டு, இரண்டரை லிட்டருக்கு மேல் தேவைப்படாது என்றார். தோலில் சுருக்கம் இருப்பதால் அடிவயிற்றில் சற்றுத் தொய்வு மிஞ்சும் என்பதையும் படம் வரைந்து காட்டினார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 வந்தது. அதைச் சரிசெய்யாமல் மேசையில் ஏற்ற மாட்டேன் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகத் திருமணத்துக்கு இதே இடுப்போடுதான் போகிறேன். அறுவை கார்த்திகையில். வெயிலும் இருக்காது.

கோவைச்செல்வி:

அறுவை முடிந்து இன்று ஒன்பதாம் நாள். கேட்டவர்களுக்காகக் குறிப்பு.

முழு மயக்கத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம், எடுத்தது 2.3 லிட்டர், ஓர் இரவு தங்கினேன். ரப்பர் ஷீட் போட்டிருந்தும் கசிவு அதைத் தாண்டித் தலையணைவரை வந்தது. மீனா அக்கா பத்துப் பன்னிரண்டு துண்டு என்றார், எனக்குப் பதினான்கு ஆனது. நான்காம் நாள் எடை பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது: அறுவைக்கு முந்தைய நாளைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல். எல்லாம் நீர்தான் என்று தெரிந்தும் அழுதேன். நேற்று அது பழைய எண்ணுக்கு இறங்கியது. கழிப்பறையில் அந்த பெல்ட்டின் கொக்கிகளைக் கழற்றி மாட்டுவது தனி வித்தை. அவற்றின் வரிசை இடது விலாவில் எறும்பு ஊர்ந்தது போலத் தடம் பதிந்திருக்கிறது. எட்டாம் நாள் வங்கிக்குப் போனேன்; பதினொரு மணிவரை உட்கார முடிந்தது, பிறகு மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். "இரண்டே நாள்" என்று சொன்ன அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

வலது பக்கம் இப்போதே உள்ளே போயிருப்பது கையில் தெரிகிறது. ஆனால் இடது இடுப்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று இருக்கிறது. தொட்டால் வலி, சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. இது இருக்கக்கூடியதா?

பழைய செவிலி:

இருக்கக்கூடியதுதான் அம்மா. இந்த வாரங்களில் அங்கங்கே கெட்டிபடுவது வழக்கம், மெல்ல இளகும். ஆனால் நானோ இந்த இழையில் வேறு யாருமோ தொட்டுப் பார்க்கவில்லை. நாளை தையல் பிரிக்கப் போகும்போது மருத்துவரின் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டுங்கள். அதற்குள் அது பெரிதானாலோ, தளும்பினாலோ, மேலே தோல் சூடாகிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிற்று வலி குறையாமல் கூடினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுதசை வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நாளைவரை காத்திருக்க வேண்டாம், இரவானாலும் கிளம்பிவிடுங்கள். நீங்களாகவே எண்ணெய் போட்டு நீவிவிட வேண்டாம். பெரியவர்கள் யாராவது ஒத்தடம் கொடுக்கிறேன் என்று வந்தால், மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளித்துவிடும் என்று சொல்லித் தடுத்துவிடுங்கள்.

கோவைச்செல்வி:

மாமியார் வெந்நீர்ப் பையோடு வாசலில்தான் நிற்கிறார்கள், அம்மா. இப்போதே சொல்லிவிடுகிறேன்.